காதோடு சொல்லும் ஆட்டம்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் ஒரு முழங்கால் வலியில் ஆரம்பித்தன. வலி என்னுடையது இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட். தேனாம்பேட்டையில் ஒரு மாடியில் சின்னதாக கிளினிக் வைத்திருக்கிறேன். லிஃப்ட் இல்லாத மாடியில் உட்கார்ந்துகொண்டு முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிறாயே என்று கேட்காதவர்கள் இல்லை. ஏறி வந்துவிட்டால் பாதி குணமாகிவிட்டது என்று அர்த்தம், மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிடுவேன்.

அந்த மாடிக்கு நங்கநல்லூரிலிருந்து ஓர் இளைஞர் நொண்டிக்கொண்டே ஏறி வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஷட்டில் ஆடும்போது கால் பிசகியிருந்தது. காலை மடக்கி நீட்ட வைக்கும்போது வலி தெரியாமலிருக்க சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள், சிலர் என்னைத் திட்டுவார்கள். இவர் விளையாட்டுகளைப் பற்றிப் பேசினார். ஓடியாடும் விளையாட்டு இல்லை, மேசையில் விரித்து ஆடும் விளையாட்டு. அட்டைகள், சீட்டுகள், மரக் காய்கள், பகடைகள். வீட்டில் ஒரு பீரோ முழுக்க வைத்திருக்கிறாராம்.

"ஆடத்தான் ஆள் இல்ல டாக்டர். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஃபாரின் போயிட்டாங்க. என் ஒய்ஃபுக்கு அந்த டப்பாவைப் பார்த்தாலே கொட்டாவி வருது."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஆளுக்கு நான் கேரண்டி" என்றேன்.

யோசித்துப் பேசும் பழக்கம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. சொன்னதைச் செய்துவிடும் பழக்கம் உண்டு. அன்று சாயங்காலமே இரண்டு சிநேகிதிகளுக்குப் போன் போட்டேன். மூவரும் பிளஸ் டூவில் ஒரே வகுப்பு. கடைசி பெஞ்சில் மடியில் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு கழுதை ஆடியவர்கள். பெயர் போட்டு எழுதினால் இருவரும் என்னை உயிரோடு விடமாட்டார்கள் என்பதால், ஒருத்தி வீணைக்காரி, இன்னொருத்தி மீன்காரி. வீணைக்காரி மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறாள். மீன்காரி சமைக்கிற மீன் விற்பவள் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் தொட்டியில் வளர்க்கும் வண்ண மீன்கள் விற்கும் கடை அவர்களுடையது. அவளுடைய அப்பா தொடங்கியது, இப்போது அவளும் அவள் தம்பியும் நடத்துகிறார்கள். வீட்டில் உருது, கடையில் சிந்தாதிரிப்பேட்டைத் தமிழ், எங்களோடு அந்த இரண்டும் கலந்த ஒன்று.

அடையாறில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை தேக்கு மரம். ஆறு பேர் உட்காரலாம். ஒரு பக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும். முதல் ஞாயிறு, நங்கநல்லூர்த் தம்பி மெட்ரோவிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து, முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வந்து சேர்ந்தார். ஏதோ மலையேறப் போகிறவர் மாதிரி இருந்தது. வீணைக்காரி வந்ததும் வராததுமாக, வலப்பக்கம் சுவர் வருகிற ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இங்கேயே உக்காந்துக்கறேண்டி. ஃபேன் காத்து மூஞ்சில அடிச்சா நேக்கு ஒத்துக்காது."

ஒரு விளையாட்டு நல்லதா கெட்டதா என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன் என்று அன்று எல்லோரிடமும் அறிவித்தேன். மனிதர்கள் நடந்து வருவதைப் பார்த்தே எந்த இடுப்பு, எந்தக் கணுக்கால் என்று சொல்கிறவளுக்கு அட்டை விளையாட்டு எம்மாத்திரம்?

முதல் ஆட்டம் ஊர் கட்டுவது. சதுரம் சதுரமான அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆற்றோடு ஆறும் சாலையோடு சாலையும் சேரும்படி வைத்துக்கொண்டே போக வேண்டும். கலர் கலரான அந்த அட்டைகளைப் பார்த்ததும் இது எல்.கே.ஜி. சாமான் என்று முடிவு கட்டிவிட்டேன். தம்பியோ ரூல்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

மீன்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "தம்பி, நீ ஆட வெக்கப் போறியா, இல்ல பரீட்ச வெக்கப் போறியா? போட்டுக்கினே சொல்லு. தப்பு பண்ணா திட்டு."

போட்டுக்கொண்டே கற்றுக்கொண்டோம். நான் நீளமாக ஓர் ஆறு வளைத்துக்கொண்டு போனேன். அது போய்ச் சேர இன்னும் ஒரே ஓர் அட்டைதான் பாக்கி. மீன்காரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, என் ஆறு முடிய வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோட்டைச் சுவரைக் கொண்டுவந்து வைத்தாள். இனி என் அட்டை அங்கே பொருந்தாது.

"ஏய், அங்க எதுக்குடி சுவரு? உனக்கு அதுல ஒண்ணும் கெடைக்காதே!"

"எனக்குக் கெடைக்கல. உனக்கும் கெடைக்கல இல்ல? அது போதும் மச்சி."

எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது. எல்.கே.ஜி. சாமான் ஒன்று ஒரு வளர்ந்த பெண்ணை அப்படிக் கோபப்படுத்த முடியாது. ஆகவே என் முதல் அபிப்பிராயத்தை அங்கேயே திருத்திக்கொண்டேன். நல்ல ஆட்டம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை ஆடலாம் என்றேன். இரண்டாவது முறை அவளுடைய சாலையை நான் மறித்தேன். அன்று போகும்போது வாசலில் நின்று, "அடுத்த வாரமும் உண்டுதானே?" என்று முதலில் கேட்டவள் அவள்தான்.

அடுத்த வாரம் பண்டமாற்று ஆட்டம் வந்தது. ஒவ்வொருவர் கையிலும் மிளகு, துணி, உப்பு என்று படம் போட்ட சீட்டுகள். ஒருவருக்கொருவர் பேசி, கெஞ்சி, மாற்றிக்கொள்ள வேண்டும். முறை எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தலாம். மீன்காரிக்கு இது விளையாட்டாகவே தெரியவில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலக் கடையாகத் தெரிந்தது.

"மச்சி, உன் நல்லதுக்கு சொல்றேன். அந்த உப்ப வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற? என்னாண்ட குட்த்துடு. இந்தத் துணியப் பாரு, இன்னா நைஸா கீது!"

அது படம் என்பதை மறந்து நான் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தேன். உப்பையும் கொடுத்துவிட்டேன். தம்பி தன் மிளகையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, "அக்கா, நீங்க இந்த கேமை முன்னாடியே ஆடியிருக்கீங்க" என்றார். "பொறந்ததுலேந்து ஆடிக்கினு கீறேன்" என்றாள் அவள்.

வீணைக்காரி மட்டும் அதில் சேரவே இல்லை. கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது நேராகக் கேட்டால் பதில் சொல்வாள். நாங்கள் மூவரும் சேர்ந்து கத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாதியில் சீட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நேக்கு இந்தச் சந்தைக் கூச்சல் ஆகாதுடி. தலை வலிக்கறது. நீங்க ஆடுங்கோ, நான் போய் காபி போடறேன்."

சங்கீதக்காரிக்குச் சத்தம் பிடிக்காதது இயல்புதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரத்து ஆட்டத்தில் அவள் எங்கள் மூவரையும் கட்டி ஆண்டாள். அதில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை. நான்கு பேரும் ஒரே கட்சி. ஆளுக்குச் சில எண் சீட்டுகள். எல்லோர் கையிலும் இருப்பதைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக இறக்க வேண்டும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. எப்போது போட வேண்டும் என்பதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விதியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேசாமல் இருப்பது ஒரு விளையாட்டா? எனக்கு அது தண்டனை. முதல் சுற்றில் பொறுக்க முடியாமல் பெரிய எண்ணைப் போட்டுக் கெடுத்தேன். இரண்டாவது சுற்றில் மீன்காரி கெடுத்தாள். மூன்றாவது சுற்றிலிருந்து வீணைக்காரியின் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். அவள் ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்ப்பாள். என் கை லேசாக அசைந்தால், இரு என்பதுபோல் அவள் பார்வை என் மேல் வந்து நிற்கும். தம்பியின் விரல் தயங்கினால், அவருக்கு முன்பே தன் சீட்டை இறக்கிவிடுவாள். அந்த அறையில் மின்விசிறிச் சத்தமும் சீட்டு விழும் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை. கடைசிச் சீட்டு சரியாக விழுந்தபோது தம்பி எழுந்து நின்று கைதட்டினார்.

"மேடம், நான் இதை எத்தனையோ பேரோட ஆடியிருக்கேன். கடைசி வரைக்கும் போனதே இல்ல. எப்படி மேடம்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியறதே" என்றாள் அவள், இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல.

"இது தாளம் போட்ட கை, தம்பி" என்று தம்பிக்கு நான் விளக்கம் சொன்னேன். அவர் அதைப் பக்தியோடு கேட்டுக்கொண்டார்.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வீணைக்காரிக்குச் சில மாதங்களாகக் கழுத்து வலி. வாரத்துக்கு ஒரு நாள் என் கிளினிக்குக்கு வருவாள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை இறங்கும் அந்தப் பட்டைத் தசை, இடப்பக்கம், கயிறு மாதிரி விறைத்திருந்தது. வெந்நீர் ஒத்தடம், மசாஜ், பயிற்சி எல்லாம் கொடுப்பேன். இளகும். அடுத்த வாரம் வரும்போது பழையபடி இறுகியிருக்கும். வீணை வாசிக்க உட்காரும் விதம்தான் காரணம் என்று நினைத்துத் தலையணை உயரத்திலிருந்து மணை உயரம் வரை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. என்னை உறுத்திக்கொண்டிருந்தது ஒரே விஷயம். வீணைக்காரர்கள் விரல் வைக்கும் மெட்டுகளைப் பார்க்க இடப்பக்கம்தான் திரும்புவார்கள். இந்தத் தசையோ தலையை வலப்பக்கம் திருப்புகிற தசை. நாள் பூராவும் இவள் எதற்காக வலப்பக்கம் திரும்புகிறாள்?

பதில் நான்காவது ஆட்டத்தில் கிடைத்தது.

அந்த வாரம் தம்பி கொண்டுவந்தது காதோடு சொல்லும் ஆட்டம். ஒருவர் ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் இருப்பவரின் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். கேட்டவர் தன் கையிலிருக்கும் படச் சீட்டுகளில் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஒன்றை எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். மற்ற இருவரும் அந்தப் படத்தைப் பார்த்து, சொல் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாறி உட்கார வேண்டும் என்பதும் விதி. மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் போட்டோம்.

எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குத் தெரியாமல் செய்ததை இப்போது விதியாகவே வைத்துக்கொடுத்திருக்கிறார்கள். வீணைக்காரிக்குப் பிடிக்கவில்லை.

"இடம் எதுக்கு மாறணும்? நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்துண்டு ஆடறேனே."

"ரூல்ஸ் மேடம்" என்றார் தம்பி.

மீன்காரி அவளுக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு, காதில் ஏதோ சொன்னாள். வீணைக்காரி தலையை ஆட்டிக்கொண்டு, கையிலிருந்ததில் ஒரு விளக்குப் படத்தை எடுத்து வைத்தாள். வெளிச்சம், கோயில், கார்த்திகை என்று நாங்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். எதுவும் இல்லை.

"திருடன்னு சொன்னேண்டி!" என்றாள் மீன்காரி.

"ராத்திரி திருடன் வந்தா விளக்கு போடமாட்டேளா?" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தோம். நல்ல பதில்தான்.

மறுபடியும் அதே ஜோடிக்கு முறை வந்தது. மீன்காரி சொன்னாள். இவள் ஒரு செருப்புப் படத்தை வைத்தாள். எங்களால் ஊகிக்க முடியவில்லை.

"இன்னாடி, மழைன்னு சொன்னா செருப்ப வெக்கிற? கையில கொடை படம் வேற வெச்சிக்கினு கீற!"

"மழைல முதல்ல போறது செருப்புதானேடி" என்றாள். இந்தத் தடவை அவளே சிரிக்கவில்லை.

அடுத்தது இடம் மாறி, அவளுக்கு வலப்பக்கம் நான். நான் காதருகே குனிந்தபோது அவள் சட்டென்று தலையை வலப்பக்கமாக முழுக்கத் திருப்பினாள். என் வாய்க்கு நேரே அவளுடைய இடக்காது வந்து நின்றது. அந்தத் திருப்பலில் இடக்கழுத்துத் தசை விறைத்துப் புடைத்தது. கயிறு மாதிரி. என் விரலுக்கு நன்றாகப் பழகிய கயிறு.

நான் சொல்ல வந்த சொல்லை மறந்துவிட்டேன்.

"என்னடி பாத்துண்டே இருக்கே? சொல்லேன்" என்றாள். பிறகு என் முகத்தில் என்ன கண்டாளோ, சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டாள். "அசட்டு விளையாட்டு. காதுல குசுகுசுன்னுண்டு. நான் கெளம்பறேன். சாயங்காலம் பொண்கள் வருவா."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பி பதறிப்போனார். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா டாக்டர்?" மீன்காரிக்கு முகம் வாடிவிட்டது. "நான்தான் ஓவரா பேசிட்டேன்" என்றாள். இருவரிடமும் அப்படி எதுவும் இல்லை, அவளாச்சு நானாச்சு என்று சொல்லி அனுப்பினேன். விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவளுடைய காது. அவள்தான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை கழுத்துக்காக வந்தாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குப்புறப் படுக்க வைத்து, ஒத்தடம் கொடுத்தேன். பிறகு அவளுக்கு வலப்பக்கமாகப் போய் நின்று, சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் தணித்து, "உங்காத்துல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். பதில் இல்லை. இடப்பக்கம் வந்து அதே குரலில் கேட்டேன்.

"வத்தக்குழம்பு" என்றாள் உடனே.

"எத்தனை நாளாடி இப்படி?"

எழுந்து உட்கார்ந்தாள். ஏமாற்றப் பார்க்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். மொதல்ல போன்ல தெரிஞ்சுது. வலக்காதுல வெச்சா ஏதோ கெணத்துக்குள்ளேந்து பேசறாப்ல இருக்கும். அப்புறம் அதுவும் இல்ல. கிளாஸ்ல கஷ்டம் இல்லடி. ஒரு சமயத்துல ஒரு பொண்ணு, எதிர்ல உக்காந்துப்பா, ரூம் நிசப்தமா இருக்கும். இந்தக் காது போதும். கூட்டமா இருந்தாத்தான் ஒண்ணும் புரியாது. மூஞ்சியப் பாத்துப் பாத்துப் புரிஞ்சுப்பேன்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பேசாத ஆட்டம் புரிந்தது. தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவள் இரண்டு வருஷமாகத் தினமும் அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போய்? மயிலாப்பூர்ல ஒரு டாக்டர்கிட்ட போனா, மறுநாள் தெப்பக்குளத்தைச் சுத்தி எல்லாருக்கும் தெரியும். வீணை டீச்சருக்குக் காது போயிடுத்துன்னு. எவ பொண்ணை அனுப்புவா? நீயா இருந்தா அனுப்புவியா?"

"நான் அனுப்புவேன்."

"நீ அனுப்புவே. உனக்குத்தான் பொண்ணே இல்லையே" என்றாள். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம். சிரிப்பிலேயே அவளுக்குக் கண் கலங்கியது.

ஆறுதல் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வேலையைச் செய்துவிட்டால் ஆறுதல் தானாக வரும். மயிலாப்பூர் வேண்டாம் என்றால் வேண்டாம். என் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரத்தில், தேனாம்பேட்டையிலேயே காது மூக்கு தொண்டை பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தோள்பட்டை ஒரு காலத்தில் என் கையில் குணமானது. அங்கேயே போன் போட்டு, அடுத்த நாளே நேரம் வாங்கிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். இடக்காதுக்கு அவள் விரல் டக் டக்கென்று அழுத்தியது. வலக்காதுக்கு வந்தபோது விரல் சும்மா இருந்தது. அவள் கண் மட்டும் என் முகத்தைத் தேடியது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சையில் பார்த்து எழுத விடக் கூடாது இல்லையா?

டாக்டர் நிதானமாகச் சொன்னார். காதுக்குள் இருக்கும் மிகச் சின்ன எலும்பு ஒன்று அசையாமல் இறுகிவிட்டது. நரம்பு நன்றாக இருக்கிறது. ஆபரேஷனில் சரிசெய்யலாம். இப்போது வேண்டாமென்றால், காது மெஷின் வைத்துக்கொண்டாலே நன்றாகக் கேட்கும். இடக்காதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

"டிசம்பர் கச்சேரி சீசன் முடியட்டும், ஆபரேஷன் பத்தி யோசிக்கறேன்" என்றாள். "இப்போ மெஷின் போட்டுக்கறேன்."

வெளியே வந்து அண்ணா சாலை சிக்னலில் நின்றோம். பஸ்களும் ஹார்ன்களும் காதைப் பிளந்துகொண்டிருந்தன. அவள் எனக்கு வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டு, "இனிமே நீ எப்பவும் நேக்கு இடப்பக்கமா வா. திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கறது" என்றாள். அவ்வளவு வெளிப்படையாக அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மெஷின் வருவதற்குள் அவள் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் யாரிடமும் சொல்ல வேண்டாம், முடி மறைத்துக்கொள்ளும் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. படிக்கிற பெண்களின் அம்மாக்கள் எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். எனக்கு வலக்காது சரியாகக் கேட்காது, இடக்காது நன்றாகக் கேட்கும், மெஷின் போட்டுக்கொள்ளப் போகிறேன், உங்களுக்குச் சம்மதமானால் பெண்ணை அனுப்புங்கள், அவ்வளவுதான். ஒரு அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றார், பிறகு பெண்ணை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் யாரும் நிறுத்தவில்லை. ஒரு குட்டிப் பெண் மட்டும் மறுநாள் கிளாஸில் ரொம்ப ஆவலாகக் கேட்டாளாம்.

"மாமி, அப்போ நான் தப்பா வாசிச்சா உங்களுக்குக் கேக்காதா?"

"நீ தப்பா வாசிச்சா நேக்கு ரெண்டு காதும் வேண்டாம்டி. உன் விரலைப் பாத்தாலே போதும்."

இதை எங்களுக்கு நடித்துக் காட்டியபோது மீன்காரி மேசையைத் தட்டிச் சிரித்தாள். அந்த ஞாயிறு வந்தவுடனே, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, வீணைக்காரி மற்ற இருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். தம்பி ரூல்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். மீன்காரிக்குத்தான் கோபம் வந்தது.

"ரெண்டு வருஷமா உன் சோத்துக் காதுல நான் பேசினதெல்லாம் வேஸ்ட்டா? என் தம்பி கல்யாணக் கதை பூரா சொன்னேனே, தலைய தலைய ஆட்டினியே!"

சோத்துக் கைப் பக்கத்துக் காது என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"சுவாரஸ்யமா இருக்கும்னு தோணித்து, ஆட்டினேன்."

"அப்ப மறுபடியும் மொதல்லேந்து சொல்றேன், கேளு" என்று அவள் ஆரம்பிக்க, அன்று ஆட்டம் தொடங்க ரொம்ப நேரமாகிவிட்டது.

மெஷின் வந்த புதிதில் அவளுக்கு உலகம் முழுக்க இரைச்சலாக இருந்தது. சீட்டு கலைப்பது பட்டாசு மாதிரி கேட்கிறதாம், பகடை மேசையில் உருளுவது தண்ணி லாரி போவது மாதிரி இருக்கிறதாம். மேசையில் ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்து விரித்தோம். சில வாரங்களில் காது பழகிவிட்டது. கழுத்துத் தசையும் மெல்ல இளகி, வாரா வாரம் என் படிகளில் ஏறி வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒரு வாடிக்கையாளரை இழந்ததில் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தி. நகரில் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு நானும் அவளும் பாண்டி பஜார் நடைபாதையில் வந்துகொண்டிருந்தோம். ஒரு பொம்மைக் கடை வாசலில் நின்றுவிட்டாள்.

"எப்பப் பாத்தாலும் அந்தப் பிள்ளையாண்டான்தான் தூக்கிண்டு வரான். நாம ஒண்ணு வாங்குவோமே."

கடைக்காரர் விலை அதிகமானதையெல்லாம் எடுத்துக் காட்டினார். அவள் ஒவ்வொரு டப்பாவையும் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். கடைசியில், மரக் காய்களை அடுக்கிக்கொண்டே போகும் ஒரு விளையாட்டைப் பிடித்தாள். கீழேயிருந்து ஒவ்வொரு காயாக உருவி மேலே வைத்து, சாயாமல் கோபுரம் மாதிரி ஏற்ற வேண்டும். யார் கையில் சரிகிறதோ அவர் தோற்று வெளியேற வேண்டும். "சத்தம் நன்னா இருக்கு. மரம் நல்ல மரம்" என்று தீர்ப்புச் சொன்னாள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த நாள் ஆட்டம் மயிலாப்பூரில், அவள் வீட்டு ஹாலில், தரையில். வீணையை உறை போட்டு மூலையில் சாய்த்து வைத்திருந்தாள். தம்பி வெறும் கையோடு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவரை உட்கார வைத்து, அவளே விதிகளைச் சொன்னாள். டீச்சர் அல்லவா, ஒரு தடவைதான் சொன்னாள், சுருக்கமாக. புரியாதவர்கள் கையைத் தூக்க வேண்டும் என்றாள். மீன்காரி கையைத் தூக்கினாள். "உனக்குப் புரிஞ்சிருக்கு, கீழ போடு" என்றாள்.

ஆட்டம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. நாள் முழுக்கத் தசையையும் எலும்பையும் தொட்டுப் பார்க்கிற கைக்கு, எந்தக் காய் தளர்வாக இருக்கிறது என்று தெரியாதா? முதல் ஆட்டத்தில் மீன்காரி அவசரப்பட்டுச் சரித்தாள். இரண்டாவதில் தம்பி. மூன்றாவதில் நானும் வீணைக்காரியும் மட்டும் மிஞ்சி, எதிரும் புதிருமாகக் குனிந்து உட்கார்ந்தோம். கோபுரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அடியிலிருந்து ஒரு காயைத் தள்ளப் போனாள்.

"அது வேணாம், பாரம் அதும் மேலதான் இருக்கு" என்றேன்.

"நேக்குத் தெரியும். நீ கம்முனு இரு" என்றாள், மீன்காரியின் பாஷையில்.

தள்ளினாள். கோபுரம் ஹால் முழுக்கச் சிதறியது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்களைப் பொறுக்கிக்கொண்டே, "இன்னொரு ஆட்டம்" என்றாள். காய்களை நான் அடுக்க ஆரம்பித்தேன்.